மண்ணின் முதலும் வட்டியும்

சேமிப்பின் வட்டியைக் கொண்டு வாழும் குடும்பம் நிலைத்து வாழும். முதலையே எடுத்துச் செலவிடும் குடும்பம் சில காலம் செல்வமுடையதாகத் தோன்றிப் பின்னர் வறுமையுறும். இக்கணக்கு நிலத்திற்கும் நாட்டிற்கும் பொருந்துவதை இங்குக் காண்போம்.

நம் வாசகர்களுள் பலர் நெல் விளையும் வட மாவட்டத்தினர். நாம் ஆசிரியப் பணியாற்றிய எட்டயபுரமோ, கோவில்பட்டியை அடுத்த கரிசற்பூமி. பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய புஞ்சை அது. கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் காக்கும். அதில் சாம்பல் சத்து மிகுதி, தழைச்சத்து குறைவு.

அங்கு விளையும் பருத்தியை எடுத்துக்கொள்வோம். பஞ்சு பெரும்பாலும் காற்றும் நீரும் கதிரொளியும் கூடி உருவாவது. அது ஆலைக்குச் செல்வதால் மண்ணுக்கு இழப்புச் சிறிதே. மண் தந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதியாகத் தங்குவது கொட்டையிலேயாம். முன்னர்ப் பருத்திக்கொட்டையை ஆட்டி மாடுகளுக்கு வைத்தனர். அச்சத்து சாணமாகி, எருவாகி, நிலத்திற்கே மீண்டது. ஆட்டுக்கிடை அமர்த்தினர், கோடையில் கண்மாய்க் கரம்பையை வண்டியிலேற்றி நிலத்தில் பரப்பினர்.

இன்று பருத்தி கொட்டையோடு விலையாகிறது. வீட்டு மாடுகளும் குறைந்துவிட்டன. விற்ற தொகை வரவாகிறது. மண் இழந்த சத்து செலவாக எழுதப்படுவதில்லை. நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பைக் கணக்கிடும்போதும் இவ்விழப்பு கழிக்கப்படுவதில்லை.

உரமிட்டு ஈடு செய்யலாகாதா? அளவறிந்து இட்டால் ஆகும். 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறத்தாழ 21 கிலோ தழைச்சத்து உண்டு. மணிச்சத்தோ துத்தநாகமோ இல்லை. மலிவு கருதி அதனையே இட்டுவந்தால் ஏனைய சத்துக்கள் குன்றும். சாம்பல் உரமோ பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. அது மிகுந்த கரிசலில் மண்ணைச் சோதியாமல் இடுவது வீண் செலவாகும். 2022-23ஆம் ஆண்டில் நடுவண் அரசு உர மானியத்திற்குச் செலவிட்டது ஏறத்தாழ 2.5 லட்சம் கோடி ரூபாய். அப்பெருந்தொகையும் நம் வரிப்பணமே.

2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் மண்ணின் 12 இயல்புகளைச் சோதித்து உர அளவைக் கூறுகிறது. முதற்படி அதுவே. உளுந்தும் பாசிப்பயறும் மாற்றுப் பயிராக இடுவதும், கரம்பையும் தொழுவுரமும் இடுவதும் அடுத்த படிகள்.

நகரில் வாழ்ந்து, நிலத்தை ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருப்போர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். அடுத்த ஆண்டு தம் கையில் இராத நிலத்திற்குக் குத்தகைதாரர் எவ்வாறு எருவடிப்பார்? குத்தகைக் காலத்தை நீட்டுவதும் எருச் செலவில் பங்கேற்பதும் நம் கடமையாகும்.

சிந்தனைக்கு: சென்ற ஆண்டு நம் நிலத்தைவிட்டு வெளியேறியவை யாவை? அவற்றுள் மீண்டவை யாவை? வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு இப்பட்டியலை எழுதச் செய்க.