சாரதியின் சொல்லைக் கேளாமல் அனுமதிப்பத்திரத்தைப் பறிக்கலாமா?

உழவு இயந்திரமோ லொறியோ ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் வெறும் கடதாசித் துண்டல்ல. அது கையை விட்டுப் போனால் உழைப்பும் போய்விடும். கொடுத்த அரசு நினைத்தபோது அதைத் திருப்பி எடுக்கலாமா? சட்டப் புத்தகத்தில் மட்டும் இதற்கு விடை கிடைப்பதில்லை. நீதிமன்றங்கள் அந்தச் சட்டத்துக்கு என்ன பொருள் கூறின என்பதையும் பார்க்கவேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் எழுந்த ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம்.

1968 நவம்பரில் ஒரு போதகரின் காரின் பக்கத்தில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி சைக்கிளுடன் வந்து மோதிக் காயமடைந்தாள். பெற்றோர் 5,000 டொலர் நட்டஈடு கோரினர். போதகர் மூன்று கிராமங்களுக்குக் காரிலேயே சென்று பணி செய்பவர். அவரிடம் காப்புறுதி இருக்கவில்லை. அத்தகையவர் விபத்தில் சிக்கினால், கோரப்பட்ட தொகைக்குப் பிணை வைக்கவேண்டும், அல்லது அனுமதிப்பத்திரமும் வாகனப் பதிவும் நிறுத்தப்படும் என்பது அம்மாநிலச் சட்டம்.

"விபத்தைத் தவிர்க்க வழியே இருக்கவில்லை, என்னை விசாரியுங்கள்" என்று அவர் கேட்டார். விசாரணையும் வைத்தார்கள். ஆனால் அதிகாரிகள் பார்த்தவை மூன்றே விடயங்கள்: விபத்தில் சம்பந்தப்பட்டாரா, சட்டப்படி நடந்தாரா, விதிவிலக்கு ஏதும் உண்டா. பிழை யாருடையது என்பதற்கு அவர் கொண்டுவந்த சாட்சியத்தை ஏற்கவில்லை. முப்பது நாள் தவணை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்து உள்ளே அழைத்துவிட்டு வாயைக் கட்டியது போன்ற விசாரணை இது.

அவர் நீதிமன்றம் சென்றார். முதல் நீதிமன்றம் அவர்மேல் பிழையில்லை என்றது. மேன்முறையீட்டில் அது மாற்றப்பட்டது. இறுதியில் வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றத்தை எட்டியது. 1971 மே 24 அன்று நீதியரசர் வில்லியம் பிரெனன் எழுதிய தீர்ப்பு போதகருக்குச் சார்பாக அமைந்தது. எந்த நீதியரசரும் அதற்கு மாறாகத் தீர்ப்பு எழுதவில்லை.

அனுமதிப்பத்திரம் உரிமையா, அரசு தரும் சலுகையா என்ற பழைய தர்க்கத்தை நீதிமன்றம் பெரிதாக எடுக்கவில்லை. எப்பெயரால் அழைத்தாலும், கொடுத்த பின் அது ஒருவரின் சீவனோபாயத்துக்கு இன்றியமையாததாகலாம். ஆகவே முறையான விசாரணையின்றிப் பறிக்கக்கூடாது என்றது. அவசர நிலை தவிர, அந்த விசாரணை பறிப்பதற்கு முன்னரே நடக்கவேண்டும்.

இங்கே நீதியரசர்களின் நியாயத்தைக் கவனியுங்கள். வாகனம் ஓட்டும் எல்லோரும் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டுமென்று மாநிலம் விதித்திருந்தால் போதகர் முறையிட்டிருக்க முடியாது. ஆனால் ஜோர்ஜியாவின் சட்டமே, பொறுப்பில்லை என்று தீர்ப்புப் பெற்றவரை விட்டுவிடுகிறது. அப்படியானால் பிழை யாருடையது என்பதே மூலக் கேள்வி. அதை ஒதுக்கிய விசாரணை எப்படி விசாரணையாகும்? முழு வழக்கு நடத்தவேண்டியதில்லை. கோரிய தொகைக்கு அவருக்கு எதிராகத் தீர்ப்பு வர நியாயமான இடமுண்டா என்று பார்த்தாலே போதும். நட்டஈட்டு வழக்கு முடியும்வரை காத்திருப்பது போன்ற வேறு வழிகளையும் நீதிமன்றம் மாநிலத்துக்குத் திறந்துவிட்டது.

இந்தப் பாதுகாப்புக்கு எல்லையும் உண்டு. 1977இல் இதே நியாயத்தை முன்வைத்த இலினோய் மாநில லொறிச் சாரதி ஒருவரின் வழக்கை உயர் நீதிமன்றம் தீர்த்தது. பத்து ஆண்டுகளுக்குள் மூன்று முறை அனுமதி நிறுத்தப்பட்டவர் என்பதால், முன்கூட்டிய விசாரணை இன்றி அவருடைய அனுமதிப்பத்திரம் இரத்துச் செய்யப்பட்டிருந்தது. அவர் தோற்றார். அவருக்கும் லொறிதான் சோறு போட்டது. இதை வாசிக்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஆனால் போதகரின் பிழையைப் பற்றி அதிகாரிகள் அவரிடம் கேட்கவில்லை. லொறிச் சாரதியின் குற்றங்களோ ஒவ்வொன்றாக ஏற்கெனவே தீர்க்கப்பட்டவை. அவற்றை அவர் மறுக்கவும் இல்லை. இரத்தான பின் விசாரணை கேட்கும் வழியும் அவருக்கு இருந்தது.