வீட்டுக் கணினியின் ஃபயர்வாலைச் சரிபார்க்கும் முறை

செங்கல்பட்டு வீட்டில் வாரம் முழுவதும் மேஜைமீது கிடக்கும் மடிக்கணினி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தாரோடு மாமல்லபுரத்துக்குப் பிரயாணப்பட்டு, ஒத்தவாடைத் தெரு விடுதியொன்றின் வைஃபையில் இணையும்போது, அதுவரை வீட்டுப் பிரிண்டரோடு மட்டும் உறவாடி வந்த அந்த யந்திரம், முன்பின் அறியாதவர்களின் யந்திரங்களோடு ஒரே வலையில் நிற்கிறது என்பதைப் பெரும்பாலோர் நினைப்பதில்லை. ஃபயர்வாலின் பிரயோஜனம் இவ்விடத்தில்தான் தெரியும். நாம் அழைக்காமல் வெளியிலிருந்து வரும் இணைப்புகளை மறுப்பதே அதன் முதன்மையான காரியம். நாமே திறந்துவிட்ட போலி மின்னஞ்சலுக்கு அது பொறுப்பன்று. 2004 ஆகஸ்டில் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் வரும் வரையில் விண்டோஸில் இது அணைந்தே கிடந்தது; அதற்கு முந்தைய ஆண்டு பிளாஸ்டர் என்னும் கணினிப் புழு, எவரும் எதையும் அழுத்தாமலே உலகெங்கும் கணினிகளில் பிரவேசித்தது.

முதலில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தட்டி, அதில் 'ஃபயர்வால் அண்ட் நெட்வொர்க் புரொடெக்‌ஷன்' பகுதியைத் திறவுங்கள். டொமைன், பிரைவேட், பப்ளிக் என்ற மூன்று வலைவகைகளும் 'ஆன்' என்றிருக்க வேண்டும்; இப்போது நடப்பிலுள்ளதன் அருகே 'ஆக்டிவ்' என்றிருக்கும். விலைக்கு வாங்கிய ஆன்டிவைரஸின் பெயர் அங்கே தென்பட்டால், மாற்றங்களை அந்த மென்பொருளிலேயே செய்ய வேண்டும்.

அடுத்ததே மிக முக்கியம். 'செட்டிங்ஸ்', 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', 'வைஃபை' என்று சென்று, இணைந்துள்ள வலையின் 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தைப் பாருங்கள். வீட்டு வலை பிரைவேட். விடுதி, காப்பிக் கடை, ரயில் நிலையம் எல்லாம் பப்ளிக். பிரிண்டர் வேலை செய்யவில்லையென்று வீட்டில் பிரைவேட் ஆக்கிப் பழகிய கை, விடுதியிலும் அதையே அழுத்திவிடுகிறது, அபாயம் அங்கேதான். 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினியொன்றில் தீநிரல் கண்டுபிடிக்கப்பட்டபோது, அக்கணினி முக்கிய உள்வலையினின்று பிரிக்கப்பட்டிருந்தது என்றே, நம் கல்பாக்கம் நிலையத்தையும் நடத்தும் இந்திய அணுமின் கழகம் அறிவித்தது. பிரித்து வைக்கும் அந்த யுக்தி வீட்டுக்கும் பொருந்தும்.

பிறகு 'அலோ அன் ஆப் த்ரூ ஃபயர்வால்' பட்டியலைத் திறந்து, 'சேஞ்ச் செட்டிங்ஸ்' அழுத்தி, எப்போதோ விளையாடி மறந்த விளையாட்டுகளுக்கும் பயனற்ற செயலிகளுக்கும் தந்த அநுமதியை, குறிப்பாகப் பப்ளிக் கட்டத்திலுள்ள டிக்கை, எடுத்துவிடுங்கள். இன்னதென்று விளங்காத விண்டோஸ் பெயர்களை மட்டும் தொட வேண்டாம். விடுதியில் தங்கும் நாட்களில், முதலில் திறந்த பகுதியின் பப்ளிக் பக்கத்தில் உள்வரும் இணைப்புகள் அனைத்தையும் தடுக்கும் கட்டத்தை டிக் செய்வது உத்தமம். வலைத்தளங்களும் மின்னஞ்சலும் வழக்கம்போலவே இயங்கும்.

ஏதேனும் குழம்பிப்போனால் ஃபயர்வாலை அணைக்காமல் 'ரீஸ்டோர் ஃபயர்வால்ஸ் டு டிஃபால்ட்' என்பதை நாடுங்கள். ஆனால் நீங்கள் முன்பு தந்த அநுமதிகளும் அதில் அழிந்துபோகுமாதலால், வேண்டியவற்றை முன்கூட்டியே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.