ஆணி அடிக்கும் முன் வளைவை வரையுங்கள்

ஆலங்காயத்தில் ரயில் நிலையம் இல்லை. ரயில் பார்க்க வாணியம்பாடிக்கோ ஜோலார்பேட்டைக்கோ போக வேண்டும். சென்னையிலிருந்து வரும் பாதை பெங்களூருக்கும் சேலத்துக்கும் பிரியும் ஜோலார்பேட்டை ஜங்ஷனை வீட்டிலேயே மாதிரியாகச் செய்ய ஆசைப்படுகிறவர்கள், தண்டவாளம் வாங்குவதற்கு முன் ஸ்கேலை எடுங்கள்.

முதலில் உங்களிடம் ஓடப்போகும் மிக நீளமான பெட்டியை அளக்க வேண்டும். 87இல் ஒரு பங்கான எச்ஓ அளவில், 21.3 மீட்டர் நீளமுள்ள பழைய ஐசிஎஃப் வகைப் பெட்டி 245 மி.மீ. வரும், புதிய எல்எச்பி வகைப் பெட்டி சுமார் 270 மி.மீ.

அடுத்தது வளைவின் ஆரம். நம் அகல ரயில் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கடுமையான வளைவுக்கே ஆரம் 175 மீட்டர். மாதிரியில் அது 2 மீட்டர் ஆகிவிடும். வீட்டில் அதற்கு இடமிருக்காது. பெட்டி நீளத்தைப் போல் மூன்று மடங்கு ஆரம் இருந்தால் பார்க்க அழகு. இரண்டு மடங்குக்குக் கீழே போனால் பெட்டிகள் தடம் புரளக்கூடும். எட்டுக்கு நான்கு பிளைவுட்டின் அகலம் 1220 மி.மீ. அதில் பாதியில் ஓரத்துக்கு 50 மி.மீ. விட்டால், இரட்டைப் பாதையின் வெளித்தடத்துக்கு ஆரம் 560, உள்தடத்துக்கு 500 கிடைக்கும். ஐசிஎஃப் பெட்டி இதில் ஓடிவிடும். எல்எச்பிக்கு இந்தப் பலகை போதாது. சுவரோரமாக ஒன்றரை அடி அகலப் பலகை அடித்து, மூலையில் மட்டும் 900 மி.மீ. வளைவு கொடுப்பதே மேல் என்பேன்.

பலரும் கோட்டை விடுவது தட இடைவெளியில்தான். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்ளே பிதுங்கும், முனைகள் வெளியே தள்ளும். ஐசிஎஃப் பெட்டிக்கு அடியில் இருக்கும் இரண்டு போகிகளின் (சக்கரத் தொகுதிகளின்) மையங்களுக்கு இடையிலான தூரத்தின் (170 மி.மீ.) வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் உள்பிதுக்கம் வரும்: வெளித்தடத்தில் 6.5 மி.மீ. பெட்டி நீளத்தின் வர்க்கத்திலிருந்து போகி தூரத்தின் வர்க்கத்தைக் கழித்து அதேபோல் வகுத்தால் முனைத் தள்ளல்: உள்தடத்தில் 7.8 மி.மீ. பெட்டியின் அகலம் 37. மூன்றையும் கூட்டினால் 51 மி.மீ.க்குச் சற்று மேல். பழைய இரட்டைப் பாதைகளின் 4.725 மீட்டர் இடைவெளி மாதிரியில் 54தான். பெட்டிகளுக்கு நடுவே 3 மி.மீ. கூட மிஞ்சாது, சிறிது ஆடினாலே உரசும். புதிய பாதைகளுக்கான 5.3 மீட்டரை ஒட்டி 60 மி.மீ. வையுங்கள்.

வரைவதற்கு ஒரு ரீப்பர் சட்டம் போதும். ஒரு முனையில் ஆணி, 500இலும் 560இலும் பென்சில் நுழையும் துளை. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தோலை வெட்டுமுன் அட்டையில் பேட்டர்ன் வெட்டிக்கொள்வதைப் போல, வளைவையும் அட்டையில் வெட்டிப் பலகைமேல் வைத்துப் பாருங்கள். இடமும் வலமும் திரும்பும் இரண்டு வளைவுகளுக்கு நடுவே ஒரு பெட்டி நீளமாவது நேர்தடம் வேண்டும்.

தண்டவாளத்தை முதலில் குண்டூசியால் மட்டும் நிறுத்துங்கள். நீளமான இரண்டு பெட்டிகளை இரு தடங்களிலும் பக்கம் பக்கமாகக் கையால் தள்ளி, வளைவு முழுக்க உரசாமல் போகிறதா என்று பார்த்த பிறகே ஆணி அடியுங்கள்.