ஒழுகும் குழாய்: கண்டறிவதும் அறிவிப்பதும்



புதுமடம் தொடங்கி மண்டபம், இராமேசுவரம் வரையுள்ள நம் கடற்கரையில் நல்ல தண்ணீரின் அருமையை ஒருவருக்கொருவர் போதிக்க வேண்டியதில்லை. மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடம் நிரப்பிய கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த ஊற்றின் இரகசியம் யாதெனில், மணலுக்குள் இறங்கிய மழைநீர், தன்னிலும் கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்குமேல் ஓரடி நல்ல நீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம்வரை நல்ல நீர் இருக்கும் என்பது நூலோர் கணக்கு. மேலேயுள்ள அந்த ஓரடி குறைந்தால், கீழே உப்பு மளமளவென்று ஏறிவரும். அளவின்றி இறைத்த கடலோரக் கிணறுகள் உவர்த்துப்போவது இதனால்தான்.

ஆகவேதான் திருச்சிராப்பள்ளி அருகே காவிரிப் படுகையிலிருந்து நீரெடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏற்பட்டது. 616 கோடி ரூபாய்த் திட்டம் அது. அத்தனை தூரம் நடந்து வந்த தண்ணீர், நம் வாசலில் மண்ணுக்குள் போவது நியாயமா? இதைத் தடுக்க நாம் செய்யக்கூடியவற்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

முதலாவது: வீட்டுக்குள் சோதனை

சொட்டும் குழாயை “சொட்டுத்தானே” என்று விட்டுவிடுகிறோம். அதன் கீழே ஒரு தம்ளரை வைத்துப் பாருங்கள். 200 மில்லி கொள்ளும் தம்ளர் பத்து நிமிடத்தில் நிரம்பினால், ஒரு மணிக்கு 1.2 லிட்டர், ஒரு நாளைக்கு 28.8 லிட்டர், முப்பது நாளைக்கு 864 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தால் எண்ணினால் 57 குடங்களுக்குமேல்! கிராமத்தில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அப்படியானால், அந்தச் சொட்டு ஓர் ஆளின் பங்கில் பாதியைக் குடித்துவிடுகிறது. பெரும்பாலும் குற்றவாளி குழாய்க்குள் தேய்ந்துபோன ஒரு வாசர்தான். அற்பக் காசில் மாற்றிவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத கசிவும் உண்டு. கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியில், துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைச் சில துளி விடுங்கள். அரைமணி நேரம் யாரும் தண்ணீர் திறக்க வேண்டாம். பிறகு கீழே கோப்பையில் நீலம் தெரிந்தால், தொட்டியின் அடைப்பான் ஒழுகுகிறது.

தரைத்தொட்டியையும் மாடித்தொட்டியையும் சோதிக்க, இரவு படுக்குமுன் உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி இரண்டையும் அடைத்து, நீர்மட்டத்தில் கரியால் கோடு போடுங்கள். விடியற்காலையில் நீர் கோட்டுக்குக் கீழே நன்றாய் இறங்கியிருந்தால், தொட்டியில் வெடிப்பு உண்டு. மட்டம் அப்படியே இருந்தால் தொட்டி நல்லது. அடுத்த நாள் இரவு, வெளியே போகும் வழியைத் திறந்துவைத்து, வீட்டுக் குழாய்களை மட்டும் மூடிவிட்டுப் பாருங்கள். அப்போது மட்டம் இறங்கினால், தொட்டிக்கும் குழாய்க்கும் இடையே எங்கோ கசிகிறது என்று அறியலாம்.

இரண்டாவது: தெருவில் கவனிக்க வேண்டியவை

களிமண் பூமியில் குழாய் உடைந்தால் தண்ணீர் மேலே பொங்கும். நம்முடையதோ மணற்பூமி. கசியும் நீர் கீழேயே இறங்கி மறைந்துபோகும். மேலும், உப்புக்காற்றும் உப்புமண்ணும் இரும்புக் குழாயையும் ஆணிகளையும் விரைவில் அரித்துவிடும். ஆதலால் சிறு அடையாளங்களையும் அலட்சியம் செய்யலாகாது. கோடையில் ஓரிடத்தில் மட்டும் பச்சைப் புல் தழைத்திருத்தல், ஆடும் காக்கையும் தினம் தேடிவரும் ஈரம், தண்ணீர் விடும் நேரத்தில் மட்டும் நனையும் மணல், திடீரென உள்வாங்கிய பாதை, தெருக்கோடி வீடுகளில் வேகம் குறைந்த குழாய் ஆகிய இவையெல்லாம் சாட்சிகள்.

தேங்கியிருப்பது குழாய்த் தண்ணீரா, உவர்நீரா என்று ஐயமா? கொஞ்சம் எடுத்துச் சோப்புப் போட்டுப் பாருங்கள். ஆற்றுநீரில் நுரை எளிதாய் வரும், உவர்நீரில் வராது. வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

பெருங்குழாய்களில் காற்று வெளியேற வைத்திருக்கும் வால்வுகள் ஒழுகுவதையும், அங்கே குடங்களோடு பெண்கள் காத்திருப்பதையும் நம் மாவட்டச் சாலைகளில் காண்கிறோம். அவர்களைத் திருடர் என்று பழிக்க வேண்டாம். வீட்டில் தண்ணீர் வந்தால் குழியண்டை யார் காத்திருப்பார்கள்? வால்வு ஒழுகுவதை அறிவிக்கும்போது, அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்பதையும் சேர்த்தே அறிவிப்பதுதான் நீதி.

மூன்றாவது: வீண்செலவினும் பெரிய ஆபத்து

தண்ணீர் வெளியே போகும் ஓட்டை, அழுக்கு உள்ளே வரும் வாசலும் ஆகும். தண்ணீர் விடும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் நீர் வெளியே கசிகிறது. விட்டு நிறுத்தியதும் குழாய் வெறுமையாகி, வெளியே தேங்கிய சாக்கடை நீரை அதே ஓட்டை வழியாய் உறிஞ்சுகிறது. தெருக்குழாயில் மோட்டார் பொருத்தி இழுப்போர் இவ்வாபத்தை இன்னும் பெருக்குகிறார்கள். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, காலரா, மஞ்சட்காமாலை ஆகியவை பரவும் வழிகளில் இதுவும் ஒன்று.

1854-இல் லண்டன் பிராட் தெருவில் காலரா கண்டு அறுநூறு பேருக்குமேல் மாண்டார்கள். ஜான் ஸ்நோ என்ற வைத்தியர், இறந்தவர்கள் எந்தக் கிணற்று நீரைக் குடித்தார்கள் என்று வீடுவீடாய் விசாரித்தார். முடிவில், அந்தக் கிணற்றுக்கு மிக அருகில் ஒரு வீட்டின் மலக்குழி கசிந்துகொண்டிருந்தது வெளியாயிற்று. கசிவு சிறிது, விளைவோ கொடிது.

ஆகையால் குழாயில் நிறம் மாறியோ, நாற்றத்தோடோ தண்ணீர் வந்தால், பழுது பார்க்கும்வரை குடிக்க வேண்டாம். அக்கம்பக்கத்தாருக்கும் உடனே சொல்லுங்கள். ஐயம் தோன்றும்போதெல்லாம் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடிப்பதே நலம்.

நான்காவது: அறிவிக்கும் முறை

“வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்” என்று எல்லாரும் நினைப்பதால் ஒருவரும் சொல்வதில்லை. பதினைந்து லிட்டர் குடத்தை ஒரு நிமிடத்தில் நிரப்பும் கசிவு, தினம் இரண்டு மணி நேரம் தண்ணீர் விடும் ஊரில் 1,800 லிட்டரைப் பாழாக்கும். அது 32 பேருடைய ஒருநாள் பங்கு. மௌனமாயிருப்பவர் அந்த 32 பேருக்கும் கடன்படுகிறார்.

முதலில் மேல்நிலைத் தொட்டி இயக்குபவரிடமும், ஊராட்சிச் செயலரிடமும் சொல்லுங்கள். வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எந்தத் தெரு, எந்த அடையாளத்துக்கு அருகே, எந்தத் தேதி முதல், எந்நேரத்தில், ஒரு குடம் எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது, அருகில் சாக்கடை உண்டா என்பவை போதும். தேதியிட்டுக் கையெழுத்திட்டு, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

சில நாளில் பலன் இல்லையெனில், மண்டபம் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அந்த நகலோடு எழுதுங்கள். ஊருக்கு வெளியே பெருங்குழாய் உடைந்திருந்தால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். கிராம சபை கூடும் நாட்களில் உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22-ம் ஒன்று. அன்று எழுந்து பேச வெட்கப்பட வேண்டாம். நாமாகத் தோண்டித் துணிசுற்றிக் கட்டுவது மட்டும் கூடாது; அழுக்கு உள்ளே போக நாமே வழி திறந்ததாகும்.

தெருக்கோடி வீட்டில் வெறுங்குடத்தோடு உட்கார்ந்திருக்கும் தாய்க்கு, தன் தண்ணீர் எங்கே போயிற்று என்று தெரியாது. அதைக் கண்டவர் நாம். சொல்ல வேண்டியவரும் நாமே.

வீட்டில் பிள்ளைகளைக் கேட்க வேண்டிய வினாக்கள்

1. மணற்பூமியில் கசிவு வெளியே தெரியாதது ஏன்?
2. கழிப்பறைத் தொட்டி ஒழுகுவதை நீலத்தால் எப்படி அறியலாம்?
3. தண்ணீர் நிறுத்தியபின் ஓட்டைக் குழாயில் என்ன நடக்கிறது?
4. நம் தெருவில் இந்த வாரம் எங்கே ஈரம் கண்டாய்? யாரிடம் சொன்னாய்?