எங்கிருந்து வந்தது? எல்லை தாண்டவைக்கும் தொழில்

கேள்வி: பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை நாடு விட்டு நாடு திருட்டுத்தனமாகக் கொண்டுபோய் விடுவது எப்போது தொழிலாக ஆனது? (வாசகர், போடிநாயக்கனூர்)

பதில்: எல்லையில் ‘நீ வரக்கூடாது’ என்று சட்டம் போட்ட பிறகுதான். அமெரிக்காவைப் பொறுத்தவரை ஆண்டையே சொல்லிவிடலாம்: 1882. சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் அந்த ஆண்டில் வந்தது. அதற்கு முன்பு, கலிஃபோர்னியாவில் தங்கம் தோண்டவும் மலையைக் குடைந்து தண்டவாளம் போடவும் அதே சீனர்கள் வேண்டியிருந்தார்கள். கப்பலேறி வந்து பகிரங்கமாக இறங்கினார்கள். கதவைச் சாத்தியதும் பக்கத்து நாடுகள் வழியாக வரத் தொடங்கினார்கள். கனடா 1885இல் சீனர்களுக்குத் தலைக்கு 50 டாலர் வரி போட்டது. அதைக் கட்டி அங்கே முறையாக இறங்கிவிட்டு, ஓர் இரவில் தெற்கே நழுவினார்கள். இன்னொரு பக்கம் மெக்சிகோ. இரண்டு பக்கமும் வழி தெரிந்த உள்ளூர் ஆட்கள் கூலிக்குக் கிடைத்தார்கள். அமெரிக்க எல்லைக் காவல்படை 1924இல்தான் தனிப்படையானது. அதற்கு முன்பே மெக்சிகோ எல்லையில் குதிரையேறிச் சுற்றிய குடியேற்ற அதிகாரிகள் முக்கியமாகத் தேடியது மெக்சிகோக்காரர்களை அல்ல, சீனர்களை.

காகித வியாபாரமும் அப்போதே பிறந்துவிட்டது. 1906இல் சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்தில் தீப்பிடித்து, நகரத்துப் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. அங்கிருந்த சீனர்கள் பலர் ‘நான் இங்கேதான் பிறந்தேன்’ என்றார்கள். இல்லை என்று நிரூபிக்க ஏடு ஏது? குடிமகனுக்குப் பிறந்த பிள்ளையும் குடிமகன்தான். ஆகவே ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ‘மகன் பிறந்திருக்கிறான்’ என்று எழுதிவைத்தார்கள். பிறகு அந்த இல்லாத மகனின் இடத்தை விற்றார்கள். வாங்கியவன் ‘காகித மகன்’. ஏஞ்சல் தீவின் குடியேற்றச் சோதனை நிலையத்தில் அவனை நிறுத்தி, ‘உன் வீட்டு வாசலில் எத்தனை படி? கிணறு எந்தப் பக்கம்? மூன்றாவது வீட்டில் யார்?’ என்று அதிகாரிகள் குடைவார்கள். அதற்காகவே இடத்தை விற்றவர்கள் விடைக் குறிப்பேடு தயாரித்துக் கொடுப்பார்கள். கப்பலில் மனப்பாடம் செய்துவிட்டுக் கரை வருமுன் கடலில் எறிந்துவிட வேண்டும். சொந்த வீட்டில் எத்தனை படி என்று கேட்டால் எனக்கே தெரியாது. நேர்மையாக வந்த உண்மை மகன்கள் எத்தனை பேர் அந்தக் கேள்வியில் திணறினார்களோ!

கேள்வி: இதை நடத்துவது பெரிய மாஃபியாவா? மேலே ஒரு தலைவன் இருப்பானா? (வாசகர், காரைக்குடி)

பதில்: சினிமாவில் இருப்பான். நிஜத்தில் பெரும்பாலும் இல்லை. சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து அமெரிக்காவுக்கு ஆள் அனுப்பிய, ‘பாம்புத் தலை’ எனப்பட்ட ஏஜென்டுகளிடம் ஷெல்டன் ஜாங், கோ-லின் சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நேரடியாகப் பேசினார்கள். அவர்களில் பலர் சின்ன வியாபாரிகள், சாதாரண வேலைக்காரர்கள். கல்யாணக் காண்ட்ராக்ட் மாதிரிதான்: பொறுப்பெடுத்தவர் ஒருவர், சமையல் ஒருவர், பந்தல் ஒருவர், பாத்திரம் வேறொருவர். இங்கே ஊரில் ஆள் சேர்ப்பவர், பாஸ்போர்ட் தயாரிப்பவர், கண்டும் காணாமல் இருக்கும் அதிகாரி, கப்பல் பிடிப்பவர், கரையில் இறக்குபவர், கடைசியில் பணம் வசூலிப்பவர். தனக்கு முன்னால் இருக்கிறவனும் பின்னால் இருக்கிறவனும் மட்டுமே ஒருவனுக்குத் தெரியும்.

ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதை ‘கோல்டன் வெஞ்சர்’ என்ற கப்பல் காட்டியது. தாய்லாந்தில் கொஞ்சம் பேரை ஏற்றிக்கொண்டு, கென்யாவின் மொம்பாசாவில் பழுதாகி நின்ற இன்னொரு கப்பலில் மாதக்கணக்காகத் தவித்தவர்களையும் சேர்த்துக்கொண்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி அது நியூயார்க் நோக்கி வந்தது. நடுக்கடலில் ஆட்களைச் சிறு படகுக்கு மாற்றிக் கரைசேர்க்க வேண்டியது சைனா டவுனின் ஃபுக் சிங் கும்பல். கப்பல் வந்துகொண்டிருந்தபோதே, 1993 மே மாதத்தில், கும்பலுக்குள் சண்டை மூண்டு நியூ ஜெர்சியில் கொலைகள் விழுந்தன. இறக்க வேண்டியவர்களே இல்லை. கப்பலைத் திருப்பி அனுப்பவும் முடியாது. ஜூன் 6 அதிகாலையில் ராக்கவே கடற்கரையில் அதை மணலில் ஏற்றிவிட்டார்கள். 286 பேர் உள்ளே இருந்தார்கள். குளிர்ந்த கடலில் குதித்து நீந்தியதில் 10 பேர் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் பென்சில்வேனியாவின் யார்க் நகரச் சிறையில் கிடந்தார்கள். பழைய காகிதத்தை மடித்து மடித்துக் கழுகும் கப்பலும் செய்துகொண்டிருந்தவர்களில் கடைசி ஆட்கள் வெளியே வந்தது 1997இல்.

இந்தக் கப்பலுக்குப் பணம் போட்டவர்களில் ஒருவர் செங் சுய் பிங். ‘சிஸ்டர் பிங்’ என்றால்தான் தெரியும். சைனா டவுனில் கடை வைத்து, ஊருக்குப் பணம் அனுப்பும் தொழிலையும் நடத்திய பெண்மணி. 2006இல் 35 ஆண்டு தண்டனை விதித்தார்கள். 2014இல் சிறையிலேயே இறந்தார். இறுதிச் சடங்குக்குத் திரண்ட கூட்டத்தில் பலருக்கு அவர் குற்றவாளி அல்ல, தங்களை அமெரிக்கா கொண்டுவந்து சேர்த்த அக்கா.

கேள்வி: பணத்தை வாங்கிக்கொண்டு நடுவழியில் விட்டுவிட மாட்டார்களா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: விடுகிறார்கள். அதைத் தடுக்கத்தான் இந்தத் தொழிலில் பணம் பின்னால் நகர்கிறது. ஃபூஜியனில் முன்பணம் கொஞ்சம்தான். போய்ச் சேர்ந்தவன் தொலைபேசியில் பேசிய பிறகே சொந்தக்காரர்கள் மீதியைக் கட்டுவார்கள். கட்டும்வரை அவன் பூட்டிய வீட்டில் இருக்க வேண்டும். தாமதமானால் அடி. தொண்ணூறுகளில் தொகை 30,000 டாலரைத் தொட்டது. பெரும்பாலும் வட்டிக்கு வாங்கிய காசு. அதை அடைக்க ஹோட்டல் சமையலறையில் வருடக்கணக்கில் உழைப்பு. ஆப்கானிஸ்தானிலிருந்து துருக்கி வழியாக ஐரோப்பா போகிறவர்கள் பணத்தை மூன்றாம் ஆளான ஹவாலா வியாபாரியிடம் கொடுத்துவைப்பார்கள். ஆள் போய்ச் சேர்ந்தால்தான் அது ஏஜென்டுக்குக் கைமாறும்.

ஆனால் இந்த ஏற்பாடு ஏஜென்டைத்தான் கட்டுப்படுத்தும். வண்டி ஓட்டுகிறவனுக்குப் பயணியின் ஊரும் தெரியாது, பேரும் தெரியாது. 2019இல் இங்கிலாந்தின் எசெக்ஸில் லாரிப் பெட்டிக்குள் 39 வியட்நாமியர்கள் மூச்சுமுட்டி இறந்ததும், 2022இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 53 பேர் வெக்கையில் இறந்ததும் அந்தக் கண்ணியில்தான். காவலை இறுக்கினால் தொழில் நசிந்துவிடும் என்பது அரசுகளின் கணக்கு. 1994இல் சான் டியேகோ பகுதியில் அமெரிக்கா வேலியையும் காவலையும் பெருக்கியது. அதுவரை தானாகவே தாண்டியவர்களும் அரிசோனா பாலைவனத்துக்கு ஒதுங்க, வழிகாட்டி இல்லாமல் முடியாது என்றானது. ‘கொயோட்டே’ எனப்படும் அந்த வழிகாட்டிகளின் கட்டணம் பலமடங்கு ஏறியது. நசியவா செய்தது?

கேள்வி: எண்பதுகளில் ஈழத் தமிழர்கள் பெர்லின் வழியாகப் போனார்கள் என்கிறார்களே? (வாசகர், திருச்சி)

பதில்: உண்மை. அந்த ஓட்டை அரசியல் போட்டது. கிழக்கு ஜெர்மனி வழிப்பயண விசா தாராளமாகக் கொடுத்தது. விமானத்தில் கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலேறினால் மேற்கு பெர்லின். மேற்குப் பக்கமோ அதைச் சர்வதேச எல்லையாகவே ஒப்புக்கொள்ளாததால் கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை. வைத்தால் பிரிவினையை ஏற்றதாகிவிடும். 1983 கலவரத்துக்குப் பின் வந்த தமிழர்கள் பலருக்கு இதுதான் வாசல். மேற்கு ஜெர்மனி நெருக்கியதில் 1985இல் தமிழர்களுக்கு அந்த வாசல் அடைபட்டது. அதன்பின் ஏஜென்சிக்காரர்கள் பாடு கொண்டாட்டம். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து அருகே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொன்னார்கள். புறப்பட்டது மேற்கு ஜெர்மனியிலிருந்து.

பத்து ஆண்டு கழித்து, 1996 கிறிஸ்துமஸ் சமயத்தில், சிசிலிக்குத் தெற்கே பெரிய கப்பலிலிருந்து சிறு படகுக்கு ஆட்களை மாற்றியபோது படகு மூழ்கியது. தமிழர், இந்தியர், பாகிஸ்தானியர் என ஏறக்குறைய 280 பேர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. மீனவர் வலையில் சிக்கிய ஓர் அடையாள அட்டையைப் பின்பற்றி ‘லா ரெபுப்ளிகா’ நாளிதழ்தான் 2001இல் படகைக் கடலடியில் படம்பிடித்துக் காட்டியது.

கேள்வி: இதில் சட்டம் யாரைப் பிடிக்கிறது? (வாசகர், சேலம்)

பதில்: 2000இல் ஐ.நா. கொண்டுவந்த உடன்படிக்கை, லாபத்துக்காகக் கடத்துகிறவரைக் குற்றவாளியாக்குகிறது. கடத்தப்பட்டதற்காக மட்டும் பயணியைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. இந்தியா இதை 2011இல் ஏற்றது. ‘டங்கி’ எனப்படும் குறுக்குவழிக்குப் பேர்போன பஞ்சாப், டிராவல் ஏஜென்டுகள் உரிமம் பெற வேண்டும் என்று 2012இல் தனிச்சட்டமே போட்டது. 2025 பிப்ரவரியில் அமெரிக்கா கைவிலங்கிட்டு அனுப்பிய 104 பேர் அமிர்தசரஸில் இறங்கியபின் ஏஜென்டுகள்மேல் வழக்குகள் பதிவாயின. புகார் கொடுக்க வந்தவருக்குத் தெரிந்தது தன்னிடம் காசு வாங்கிய ஏஜென்டை மட்டும்தான். போகும் வழியில் பனாமாக் காட்டில் வழிகாட்டியவன் பேரைக் கேட்டால் அவர் யாரைச் சொல்வார்?