போஞ்சிக் கொடிக்கு ஏற்ற தும்புக் கயிறு

அக்கரப்பத்தனை போன்ற மழை மிகுந்த மலைநாட்டுப் பகுதிகளில் போஞ்சி பயிரிடும் கமக்காரர், கொடி படரவிடும் கயிற்றை ஆராய்ந்து தெரிதல் வேண்டும். காய்க்கும் பருவத்தில் கயிறு அறுந்தால் கொடி மண்ணில் வீழ்ந்து காய்கள் அழுகும்.

பருத்தி நூலும் சணல் நூலும் ஈரலிப்பில் விரைவில் உக்குவன. தென்னந்தும்பில் இலிக்னின் மிகுதியாகையால் அது நெடுநாள் தாங்கும். பிளாத்திக்குக் கயிறு உறுதியானதே. ஆயினும் அது உக்காது. வெயிலில் நைந்து துணுக்குகளாகி மண்ணிற் கலக்கும்.

தும்பின் வகை: பச்சை மட்டையைப் பல மாதம் நீரில் ஊறவைத்து அடித்தெடுப்பது வெள்ளைத் தும்பு, கயிறு திரிக்க மிக ஏற்றது. முற்றிய மட்டையிற் பெறுவது கபிலத் தும்பு. தூரிகைக்கும் மெத்தைக்கும் உதவும்.

திரிக்கும் முறை:
1. தும்பைச் சீராகப் பிரித்து, ஒரு திசையில் முறுக்கிப் புரியாக்குக.
2. இரு புரிகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குக. ஒரு முறுக்கு அவிழ முயலுகையில் மற்றது இறுகுமாதலின் கயிறு குலையாது.

வாங்கும்போது, பருமன் ஒரே சீராயுள்ளதா, வெட்டிய முனையில் புரி எளிதிற் பிரிகின்றதா எனப் பார்த்தல் வேண்டும்.

அறுவடைக்குப் பின் நோயற்ற கொடியுடன் கயிற்றையும் கூட்டெருக் குழியில் இடலாம். தழையிலும் தாமதமாகவே அது உக்கும்.