சோயிக்கீரையும் பாலாடைக்கட்டியும் கலந்த ரொட்டி

ஈஸ்ட் சேர்த்துச் சுடும் ரொட்டிக்கான செய்முறைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுச் சமையலறையை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. வெதுவெதுப்பான நீரில் மாவைப் பிசைந்து, வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும் என்று அவை கூறும். மே மாதத்து நாகபுரியிலோ சென்னையிலோ இவ்வாறு செய்தால் மாவு அளவுக்கு மீறிப் பொங்கிப் புளித்து, அடுப்பில் நடுப்பகுதி அமிழ்ந்துவிடும். விலை மிகுந்த பாலாடைக்கட்டியும் அதனுடன் வீணாகும். கோடையில் தோசை மாவு விரைந்து பொங்குவதை அறிந்த நம் இல்லங்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. ஈஸ்ட் ஓர் உயிரி. மாவின் வெப்பம் 24 டிகிரியிலிருந்து 34 டிகிரிக்கு உயர்ந்தால், அது பொங்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றது.

ஆகவே கட்டுப்படுத்த வேண்டியது மாவின் வெப்பத்தையே. பிசைந்து முடித்த மாவு 26 டிகிரி செல்சியஸில் இருப்பது நன்று. அதற்கு ஒரு கணக்கு உண்டு. 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து அறையின் வெப்பத்தையும் உலர்மாவின் வெப்பத்தையும் கழித்தால் கிடைப்பதே நீருக்குரிய வெப்பம். இரண்டும் 33 டிகிரியாக இருப்பின் நீர் 12 டிகிரியில் இருக்க வேண்டும். அதாவது குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த நீர். தில்லியின் சனவரி மாதத்தில் இரண்டும் 15 டிகிரி எனில் விடை 48 என வரும். அவ்வளவு சூடு வேண்டாம். 40 டிகிரியோடு நிறுத்திக்கொண்டு, சற்றுக் கூடுதலாகக் காத்திருப்பதே பாதுகாப்பு. 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் பிழைப்பது அரிது.

20 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு அச்சுகளுக்கு 500 கிராம் மைதா, 300 கிராம் நீர், 4 கிராம் உடனடி ஈஸ்ட், 10 கிராம் சர்க்கரை, 7 கிராம் உப்பு, 25 கிராம் வெண்ணெய், 120 கிராம் பாலாடைக்கட்டி, 30 கிராம் நறுக்கிய சோயிக்கீரை ஆகியவை தேவை. நீரையும் எடைபோட்டே அளக்க வேண்டும். கிண்ணத்தால் அளந்த மாவு ஒவ்வொரு முறையும் வேறு எடை காட்டும்.

உப்பின் அளவு குறைவாகத் தோன்றலாம். 500 கிராம் மாவுக்கு வழக்கமாக 10 கிராம் உப்பு இடுவர். ஆனால் நம் கடைகளில் கிடைக்கும் பதப்படுத்திய பாலாடைக்கட்டி தன்னளவிலேயே உப்பு மிகுந்தது. உறையில் அச்சிட்டுள்ள சோடிய அளவை 2.5 ஆல் பெருக்கினால், அதிலுள்ள உப்பின் மேல்வரம்பு ஏறத்தாழத் தெரியும். பாலாடைக்கட்டியில் சேர்க்கப்படும் வேறு சோடிய உப்புகளும் அக்கணக்கில் அடங்குவதால், உண்மை அளவு அதைவிடச் சற்றுக் குறைவே. இரத்த அழுத்தத்திற்காக உப்பைக் குறைத்து உண்போர் இல்லத்தில் இருப்பின் இக்கணக்கைத் தவிர்க்கலாகாது.

சோயிக்கீரையைக் கர்நாடகத்தில் சப்பசிகே என்றும், மராட்டியத்தில் ஷேபு என்றும், வடக்கே சோயா என்றும் கேட்டால் தருவார்கள். கழுவியபின் துணியில் பரப்பி நன்கு உலர்த்த வேண்டும். ஈரம் தங்கினால் மாவு கையில் ஒட்டும். அது கிடைக்காத இடத்தில் கற்பூரவள்ளி இலை பத்தைப் பொடியாக நறுக்கிச் சேர்க்கலாம். ஓரிகானோவுக்கு மணம் தரும் கார்வக்ரால் என்னும் பொருள் இதிலும் உள்ளது. தொட்டியில் வளரும் செடி இருக்க, வெளிநாட்டு இலைப்பொடிக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை என்பது எம் கருத்து. பச்சைப் பூண்டை மட்டும் மிகுதியாக இட வேண்டாம். அது ஈஸ்டின் வேகத்தைத் தளர்த்தும்.

வெண்ணெய், பாலாடைக்கட்டி, கீரை நீங்கலாக ஏனையவற்றைச் சேர்த்துப் பத்து நிமிடம் பிசைக. பின்னர் வெண்ணெயைச் சேர்த்து மேலும் சில நிமிடம் பிசைக. சிறு துண்டை இழுத்தால் கிழியாது மெல்லிய சவ்வாக விரிய வேண்டும். அதன் பின்னரே ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிய பாலாடைக்கட்டியையும் கீரையையும் மடித்துச் சேர்க்க வேண்டும். தொடக்கத்திலேயே இட்டால் துண்டுகள் நசுங்கி, அவற்றின் கொழுப்பு மாவின் வலைப்பின்னலைத் தடுக்கும்.

மாவு இருமடங்கானதும் காற்றை மெல்ல அமுக்கி வெளியேற்றி, இரண்டாகப் பிரித்து உருட்டி, நெய் தடவிய அச்சுகளில் வைக்க வேண்டும். மேற்பரப்பில் தெரியும் பாலாடைக்கட்டித் துண்டுகளை உள்ளே அழுத்திவிடுக; இல்லையேல் கருகும். இரண்டாம் முறை பொங்கும்போது கடிகாரத்தைப் பாராமல் விரலால் சோதிப்பதே முறை. மாவு தோய்ந்த விரலால் அழுத்திய குழி உடனே நிரம்பினால் இன்னும் காத்திருக்க வேண்டும். மெல்ல, பாதியளவு மேலெழுந்தால் அடுப்பில் வைக்கலாம். எழவே இல்லையெனில் காலம் கடந்துவிட்டது.

190 டிகிரிக்கு முன்னரே சூடாக்கிய மின்னடுப்பில் 30 முதல் 35 நிமிடம் சுடுக. சமையல் வெப்பமானி இருப்பின் நடுப்பகுதி 93 டிகிரியைத் தாண்ட வேண்டும். வெந்த ரொட்டியை உடனே அச்சிலிருந்து எடுத்துக் கம்பித்தட்டில் ஒரு மணி நேரம் ஆற விட வேண்டும். சூட்டில் அறுத்தால் உட்பகுதி பசைபோல் கத்தியில் ஒட்டும்.

மழைக்காலத்தில் இதை இரண்டு நாட்களுக்குமேல் வெளியே வைத்தல் கூடாது. குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் ரொட்டி விரைவில் விறைத்துவிடும். துண்டுகளாக்கிக் காற்றுப்புகாத உறையிலிட்டு உறைநிலைத் தட்டில் வைத்து, வேண்டியபோது ஒரு துண்டை எடுத்துத் தோசைக்கல்லில் சிறு தீயில் சூடாக்கி உண்ணலாம்.